பாடக்குறிப்போடு மூன்று விடைகளையும் சேர்த்து அனுப்புங்கள்

தங்கச்சி, முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், தரம் 11 வரை மட்டும் உள்ள ஒரு வகை 2 பாடசாலைக்கு உங்களுக்குப் புது நியமனம். தரம் 6 முதல் 11 வரை வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் உங்கள் பொறுப்பு, அந்தப் பாடங்களுக்கு அங்கே வேறு ஆள் இல்லை. வட்ஸ்அப் குழுக்களில் வருகிற பாடக்குறிப்புகளை எடுத்துப் படிப்பிக்கலாமா, கட்டுரை விடைகளுக்கு நீதியாக எப்படிப் புள்ளி போடுவது, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத ஒரு ஆசிரியருக்கு, தான் படிப்பித்தது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியவரும்? நான் வன்னியில் வரலாறு படிப்பித்து, பிறகு ஆசிரிய ஆலோசகராகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்வந்தவன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, என்னுடைய அபிப்பிராயம் மட்டும் எது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் நம் கையில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருகின்றன. பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினுடையது. தரம் 10 வரலாற்று மூலாதாரங்களில் தொடங்குவதையும், தரம் 11 கைத்தொழிற் புரட்சி, பிரித்தானியர் ஆதிக்கம் என்று போவதையும் நாம் மாற்ற முடியாது. தவணைப் பரீட்சை வினாத்தாளும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். ஆகவே அலகுகளின் ஒழுங்கை மாற்றினால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். வேலைத்திட்டம், பாடக்குறிப்பு, பதிவுப் புத்தகம் மூன்றும் நீங்கள் காட்ட வேண்டிய ஆவணங்கள். பாடக்குறிப்பில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, தரஉள்ளீடு (பாடத்துக்கு வேண்டிய பொருட்கள்), செயற்பாடு, கணிப்பீடு எல்லாம் இருக்க வேண்டும் என்பது வழமை. இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தேர்ச்சியையும் தேர்ச்சி மட்டத்தையும் வழிகாட்டியில் உள்ளபடியே எழுதிவிட்டு, உங்கள் நேரத்தை மற்றதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது 5ஈ எனப்படும் ஐந்து படிக் கற்பித்தல் மாதிரியும் கூடவே வந்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று கல்வியியற் கல்லூரியில் உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். இந்த மாதிரி 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விஞ்ஞானப் பாடத்துக்காக உருவானது. அது தெரிந்த விஷயம். இனிச் சொல்வது என் அபிப்பிராயம். காந்தத்தைக் கையில் கொடுத்தால் எது ஒட்டும், எது ஒட்டாது என்று பிள்ளை தானாகக் கண்டறியும். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன 1815 கண்டி ஒப்பந்தத்தைக் குழுவாக இருந்து யாரும் கண்டறிய முடியாது. வாசிக்கவும் பார்க்கவும் ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும். அது ஒரு கல்வெட்டு வரியாக இருக்கலாம், வரைபடமாக, பழைய படமாக, ஊர்ப் பெரியவர் சொன்ன ஒரு கதையாகவும் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாமல் பிரிஸ்டல் போட்டையும் மார்க்கர் பேனையையும் கொடுத்து "குழுவாகக் கலந்துரையாடுங்கள்" என்றால், பிள்ளைகள் பாடநூலின் பந்தியைப் பெரிய எழுத்தில் திருப்பி எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பார்க்க வடிவாக இருக்கும். அதில் வரலாற்றுக் கல்வி இல்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஐந்து படியும் வந்தே ஆக வேண்டும் என்று ஓட வேண்டாம். இரண்டு பாடவேளையை ஒரு பாடமாகத் திட்டமிட்டு, குறிப்பில் அப்படியே எழுதுங்கள். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்கிற அதிபர்கள்தான் அதிகம்.

திட்டமிடலை வாலிலிருந்து தொடங்குங்கள். பாடம் முடியும்போது பிள்ளை எழுத வேண்டிய ஒரேயொரு கேள்வியை முதலில் எழுதுங்கள். அடுத்து, வகுப்பில் நடுத்தரமான ஒரு பிள்ளை அதற்கு எழுதக்கூடிய நல்ல விடையை, அந்தப் பிள்ளையின் மொழியிலேயே நாலைந்து வரியில் எழுதிப் பாருங்கள். அந்த விடையை எழுத அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டால் பாடம் தானாக உருவாகும். சொல்லச் சின்ன வேலை. செய்து பார்த்தால், நீங்கள் படிப்பிக்க நினைத்ததில் பாதி அந்த விடைக்குத் தேவையில்லை என்று தெரியும்.

உங்களுக்குக் கிட்ட இருக்கிற ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். பிரித்தானியரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பற்றிக் கற்சிலைமடுவில் உள்ள நடுகல்லை உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதாவது பார்த்திருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரேயொரு வசனம். இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க், பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்தார் என்பது அதன் கருத்து. தரம் 10இன் மூலாதார அலகுக்கு இதைவிட நல்ல பொருள் வன்னியில் கிடைக்காது. பாடத்தின் கடைசிக் கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்தக் கல்லிலிருந்து உறுதியாகத் தெரியவருவது எது? இந்தக் கல் மட்டும் சொல்லாதது எது?"

வசனத்தைத் தமிழில் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கதைக்க விடாமல் ஐந்து நிமிடம் தனித்தனியாகக் கொப்பியில் கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் முதலில் வருவது, "சேர், இதை ஆர் வைச்சது?" என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். யாருடைய பெயர் முதலில் வருகிறது? எந்த மொழியில் இருக்கிறது? அந்தக் காலத்து ஊர்ச்சனம் அதை வாசித்திருக்குமா? கல்லில் உள்ள திகதி சண்டை நடந்த திகதியா, கல் நட்ட திகதியா? கடைசிக் கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். திகதி சண்டையினுடையது. கல் எப்போது நடப்பட்டது என்பது அந்த வசனத்தில் இல்லை. "அண்மையில்" என்றுதான் இருக்கிறது, "இந்த இடத்தில்" என்று இல்லை என்பதையும் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிள்ளையே அதை எழும்பிச் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

இதில் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தப் பாடத்தை விரும்பிச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், ஒக்டோபரில் தோற்கடிக்கப்பட்டதும் வரலாறு. அவர் எப்போது இறந்தார் என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. 1803 என்பவர்களும் 1811 என்பவர்களும் உண்டு. கல் சொல்வது தோல்வியை மட்டும், மரணத்தை அல்ல. ஊரில் சொல்லப்படும் கதைகளைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அவற்றைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம், உறுதியான வரலாறு என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். "ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்ற தலைப்பில் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டிலிருந்து ஒரு பந்தி கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைக்கலாம். அதை எழுதியவர் பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு வையுங்கள்.

இனி விடைகளுக்கு வருவோம். இந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரு பிள்ளை, "பண்டாரவன்னியன் 1803இல் வெள்ளையரால் கற்சிலைமடுவில் கொல்லப்பட்டார். அவர் ஒரு மாவீரர்" என்று எழுதும். அழகான கையெழுத்து, பிழையில்லாத வசனம், ஆனால் கல்லில் இல்லாததை எழுதியிருக்கிறது. இன்னொன்று கரும்பலகையில் இருந்த வசனத்தை அப்படியே இரண்டு தடவை எழுதிவைக்கும். மூன்றாவது பிள்ளை, "இது வெண்ட ஆக்கள் வைச்ச கல். ஏன் சண்டை வந்தது எண்டு இல்லை. திகதி இருக்கிறபடியால் பிரயோசனம்" என்று எழுதும். எழுத்துப் பிழையும் பேச்சு வழக்கும் கலந்த விடை. மூன்றிலும் வரலாற்று ரீதியில் சிறந்தது இதுதான். நம்மில் பலர் முதல் விடைக்கே அதிக புள்ளி போட்டுவிடுவோம், கண்ணுக்கு வடிவாக இருக்கிறபடியால். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இந்த இடத்திலேயே தொடங்குகிறது. எதற்குப் புள்ளி என்பதைப் பாடம் நடத்தும் முன்னரே முடிவெடுத்திருந்தால் மூன்றாவது பிள்ளை தப்பும்.

புவியியலும் வரலாறும் சேர்கிற இடம் நமக்குக் குளம். அதிகம் விளக்கத் தேவையில்லை. துருசு, குளக்கட்டு, வான், அலைகரை என்று குளத்தின் பகுதிகள் எல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு உங்களை விடவும் நன்றாகத் தெரியும். நான் கவனித்த ஒரு தடுமாற்றத்தை மட்டும் சொல்கிறேன். எல்லாப் பெரிய குளமும் பழைய அரசர் காலத்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். மன்னாரில் உள்ள கட்டுக்கரைக் குளம் பழங்காலத்தது, பிரித்தானியர் காலத்தில் திருத்தப்பட்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அரசாங்கம் ஏன் இந்தக் குளத்தில் காசு போட்டது?" என்று கேட்டால் தரம் 10இன் பழைய நீர்ப்பாசனத் தொழில்நுட்பமும் தரம் 11இன் பிரித்தானியர் கால மாற்றங்களும் ஒரே இடத்தில் சந்திக்கும். முத்தையன்கட்டுக் குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், வயல் செய்கிற ஒரு தகப்பனை வகுப்புக்குக் கூப்பிட்டு நீர்ப்பங்கீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்வேன். வட்ஸ்அப்பில் சுற்றுகிற செயற்பாடுகளில் "உங்கள் குடும்ப வரலாற்றைப் பழைய புகைப்படங்களோடு தயாரித்து வாருங்கள்" என்பது அடிக்கடி வரும். கொழும்பில் ஒரு வகுப்புக்கு அது நல்ல செயற்பாடு. போர் முடிந்த 2009க்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழைக்கூடக் கையில் கொண்டுவர முடியாமல் போன குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். தகப்பன் எங்கே என்று தெரியாத பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளையை வகுப்புக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க வைக்க நமக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பொருளையோ இடத்தையோ கேளுங்கள்: வீட்டில் உள்ள மிகப் பழைய கருவி, ஊர்க் கிணறு, சந்தி, பள்ளிக்கூடக் கட்டடம். கதை சொல்ல விரும்புகிற பிள்ளை அதற்குள்ளேயே சொல்லும். விரும்பாத பிள்ளைக்கு ஒதுங்க இடம் இருக்கும். இதற்கு எந்த வழிகாட்டியிலும் சூத்திரம் இல்லை, என்னிடமும் இல்லை. பிள்ளை அழுதால் பாடத்தை நிறுத்துங்கள். பாடத்திட்டம் ஒரு நாள் பிந்தட்டும்.

"எங்கள் ஊர் வரலாறு" என்றாலும் வன்னியில் அது ஒரே வரலாறு அல்ல. ஒரே வாங்கில் இருக்கிற நாலு பிள்ளைகளில் ஒன்றின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போய்வருகிறது. ஒன்றின் பாட்டன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒன்று 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இன்னொன்று 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய முஸ்லிம் குடும்பம். வேறு மாவட்டத்தில் எழுதப்பட்ட பாடக்குறிப்பு இதை அறியாது. நீங்கள் அறிவீர்கள். பகிரப்பட்ட குறிப்பை அப்படியே எடுத்துப் படிப்பிக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இருக்கிற பெரிய காரணம் இதுதான்.

பகிரவே கூடாது என்று சொல்லவில்லை. தனியாக இருக்கிற ஆசிரியருக்குப் பகிர்வு இல்லாமல் கதி இல்லை. ஆனால் இப்போது பகிரப்படுவது என்ன என்று பாருங்கள். தட்டச்சு செய்த பாடக்குறிப்பு, பயிற்சி வினாக்கள், குறுங்குறிப்புத் தொகுப்பு. யாரோ எப்போதோ ஒரு வகுப்பில் இதைப் படிப்பித்தார்களா, அல்லது மேசையில் இருந்து எழுதினார்களா என்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. ஆகவே நான் ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். குறிப்போடு மூன்று விடைகளையும் சேர்த்து அனுப்புங்கள். நல்லது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தடுமாறியது ஒன்று. பிள்ளையின் பெயரையும் சுட்டெண்ணையும் மறைத்து, தொலைபேசியில் படம் எடுத்தால் போதும். கீழே இரண்டு வரி: எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் வகுப்பு குழம்பியது. வேறு எதுவும் எழுதத் தேவையில்லை. அந்த மூன்று விடைகளைப் பார்க்கிற இன்னொரு ஆசிரியர், இந்தப் பாடம் தன் பிள்ளைகளுக்குச் சரிவருமா, எதை மாற்ற வேண்டும் என்று ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடுவார். குறிப்பை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது.

இடையில் ஒரு நடைமுறை விஷயம். நம் பக்கத்தில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அது மற்றவரின் தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ஒரு வேலையும் செய்ய முடியாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், இரண்டும் கஷ்டமென்றால் கையால் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்துக் குறிப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். வகுப்பில் உண்மையாகவே பயன்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

நேரில் சந்திப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஜப்பானில் பாட ஆய்வு என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரேயொரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் படிப்பிப்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் இருந்து கதைத்து, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் படிப்பிப்பார்கள். கவனிக்கப்படுவது பிள்ளைகள், ஆசிரியர் அல்ல. அதனால் யாருக்கும் மனக்கசப்பு வராது. நம் இடத்தில் இதை முழுமையாகச் செய்வது கடினம். பஸ் தூரம் ஒரு பக்கம், பதில் ஆசிரியர் இல்லாதது இன்னொரு பக்கம். ஆனால் பக்கத்துப் பாடசாலை வரலாற்று ஆசிரியர் ஒருவரோடு தவணைக்கு ஒரு பாடம் இப்படிச் செய்ய அதிபர்கள் அனுமதித்ததைப் பார்த்திருக்கிறேன். பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற தலைப்பின் கீழ் அனுமதிக் கடிதம் எழுதுங்கள். அந்தத் தலைப்பு அவர்களுக்குப் பழக்கமானது.

இனிப் புள்ளியிடல். கட்டுரை விடைக்குப் புள்ளி போடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும் என்பது சந்தேகமே இல்லாத விஷயம். 1912, 1913 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே விடைத்தாளைப் பல ஆசிரியர்களுக்கு அனுப்பிப் புள்ளி போடச் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் வரலாற்றிலும் செய்து பார்த்தார்கள். ஒரே தாளுக்குச் சிலர் மிக உயர்வாகவும் சிலர் சித்தியே இல்லை என்னும் அளவுக்கும் போட்டிருந்தார்கள். ஆகவே உங்கள் புள்ளி தளம்பினால் அது உங்கள் தனிப்பட்ட குறை அல்ல. வேலையின் இயல்பே அது. குறைக்க வழி இருக்கிறது, முற்றாக ஒழிக்க இல்லை.

நான் செய்யச் சொல்வது இவை. ஒரு பிள்ளையின் தாளை முழுக்கத் திருத்தி மற்றதற்குப் போகாமல், முதலாம் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்துங்கள், பிறகு இரண்டாம் கேள்வி. பெயர் தெரியாமல் முன்பக்கத்தை மடித்துவிடுங்கள். முதலில் ஒரு ஐந்து தாளைப் புள்ளி போடாமல் வாசித்துவிட்டு, அப்புறம் புள்ளித்திட்டத்தை இறுதியாக்குங்கள். பிள்ளைகள் நீங்கள் எதிர்பார்க்காத சரியான விடை ஒன்றை எழுதியிருப்பார்கள், அதற்கு இடம் வேண்டும். வரலாற்று விளக்கத்துக்கான புள்ளியையும் மொழிக்கான புள்ளியையும் கலக்காதீர்கள். "வெண்ட ஆக்கள்" என்று எழுதியது தமிழ்ப் பாடத்தில் திருத்த வேண்டிய விஷயம். வரலாற்றில் அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி. கொப்பியில் சரியான எழுத்தை மேலே எழுதிவிடுங்கள், ஆனால் புள்ளியைக் குறைக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களம் சாதாரண தரப் பாடங்களுக்கு வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளை எடுத்து வாசியுங்கள். எந்தக் கேள்வியைப் பிள்ளைகள் குறைவாகத் தெரிவு செய்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று அதில் இருக்கும். வழிகாட்டிக் கைந்நூல்கள் விற்கிறவர்கள் சொல்வதைவிட அது நம்பகமானது. பெரிய வினாக்களுக்கு, பக்கத்துப் பாடசாலை ஆசிரியரும் நீங்களும் ஒரே ஐந்து விடைகளுக்குத் தனித்தனியே புள்ளி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வருகிற விடையைப் பற்றி மட்டும் கதைத்தால் போதும். தொலைபேசியிலேயே முடியும்.

புள்ளி போட்ட பிறகு என்ன என்பதில் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்த ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்களிடமும், புள்ளியும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பிள்ளை புள்ளியைப் பார்த்ததும் குறிப்புரையை வாசிப்பதில்லை என்பது நாம் எல்லோரும் கண்ட விஷயம்தான். ஆனால் அந்த ஆய்வு வரலாற்றுக் கட்டுரை பற்றியது அல்ல, நம் பிள்ளைகளைப் பற்றியதும் அல்ல. அதை வைத்துத் தவணைப் புள்ளியை நிறுத்த முடியாது, பெற்றோரும் விடமாட்டார்கள். நான் பரிந்துரைப்பது நடுவழி. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான பயிற்சிகளில் மட்டும், முதல் நாள் குறிப்புரையோடு கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை ஒரு பந்தியைத் திருத்தி எழுதட்டும். அதற்குப் பிறகு புள்ளி. குறிப்புரையும் "நன்று", "இன்னும் முயற்சி தேவை" என்று இருக்கக் கூடாது. "கல்லில் இல்லாத ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறாய், எது என்று கண்டுபிடி" என்று எழுதுங்கள். பிள்ளை கொப்பியைத் திரும்பத் திறக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி எழுத நேரம் கிடைக்காது. ஒரு தடவைக்கு ஒரு வகுப்பு என்று முறை வைத்துச் செய்யுங்கள். பல்தேர்வு வினாக்களை அவர்களே மாற்றித் திருத்தட்டும், அந்த நேரம் உங்களுக்கு மிச்சம்.

வலயத்திலிருந்து வருகிறவர்கள் பற்றிப் பயப்பட்டிருந்தீர்கள். குறிப்பு யாருடையது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, குறிப்பின் ஓரத்திலேயே எழுதிவிடுவது: "மூலக் குறிப்பு இன்ன வலயத்து ஆசிரியர் ஒருவருடையது. மாற்றியவை: படத்துக்குப் பதில் கற்சிலைமடுக் கல், குடும்ப வரலாறு நீக்கப்பட்டது, இரண்டு பாடவேளை." பக்கத்தில் பிள்ளைகளின் விடைகள் உள்ள ஒரு கோவையை வைத்திருங்கள். ஆலோசகராக நான் வகுப்புக்குப் போனபோது தேடியது அதைத்தான். எல்லோரும் அப்படித் தேடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் தலைப்புகளும் கையொப்பமும் ஒழுங்கா என்று மட்டும் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் தேர்ச்சி மட்டத்தை வழிகாட்டியில் உள்ளபடியே எழுதச் சொன்னேன்.

ஆறு வகுப்புக்கும் இந்த மாதிரி உடனே தொடங்க வேண்டாம், களைத்துப்போவீர்கள். இந்தத் தவணைக்குத் தரம் 10 மட்டும், அதிலும் மூலாதார அலகு மட்டும். மற்ற வகுப்புகளுக்குக் கிடைக்கிற குறிப்புகளைத் திருத்தி ஓட்டுங்கள். பாடம் முடிந்ததும் அந்த மூன்று விடைகளையும் பெயர் மறைத்து இங்கேயே போடுங்கள், உங்கள் புள்ளியைச் சொல்லாமல். நானும் புள்ளி போட்டுப் பார்க்கிறேன். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களில் வரலாறு படிப்பிக்கிறவர்கள் இதை வாசித்தால் அவர்களும் புள்ளி போடட்டும். பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.